குளம் எவ்வளவு ஆழம் மேடம்?

டெலிபோன் அலறியது!

டூர் மேடம் கையிலிருந்த டீயை மேஜையெல்லாம் சிந்திக்கொண்டாள்.

அலறுவது டெலிபோனின் வேலை. அதற்கு ஒவ்வொரு தடவையும் பதறுவது இவள் வேலை. கதவு படாரென்று சாத்தினால் பதறுவாள். பலூன் வெடித்தால் பதறுவாள். பின்னாலிருந்து யாராவது தும்மினால் அரைமணி நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த லட்சணத்தில், ஊருக்கெல்லாம் நிம்மதி விற்கிற தொழில்!

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பச்சைப் புல்வெளிப் படம். வேலை வேலை என்று பி.பி. ஏற்றிக்கொண்டவர்களைப் பிடித்து ஏதாவது ஒரு கிராமத்து கோல்ஃப் மைதானத்துக்கு அனுப்பி வைப்பாள். பந்தைத் தட்டு, மரத்தடியில் தூங்கு, சிரித்த முகமாய்த் திரும்பி வா. அவ்வளவுதான் அவள் வியாபாரம்.

ரிஸீவரை எடுத்தாள்.

“வணக்கம்... சொல்லுங்க.”

“கோல்ஃப் டூர் ஏற்பாடு பண்றது நீங்கதானே மேடம்?”

ஆண் குரல். மெதுவாக, வழுவழுவென்று இருந்தது.

“நானேதான் சார்.”

“நான் பல் டாக்டர். நானும் என் மனைவியும் வரணும். ரொம்பச் சின்ன ஊரா இருக்கணும் மேடம். ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது.”

“இருக்கு சார். ஒன்பதே குழி உள்ள குட்டி மைதானம். சுத்தி வயக்காடு. வார நாள்ல போனீங்கன்னா ஈ, காக்கா இருக்காது.”

“ஒரு நிமிஷம்...”

அந்தப் பக்கம் ரிஸீவரைக் கையால் பொத்துகிற சத்தம். பிறகு—

“அங்க குளம் இருக்கா மேடம்?”

“இருக்கு சார். ஏழாவது குழிக்குப் பக்கத்துல. பூவெல்லாம் மிதந்துக்கிட்டு அழகா...”

“அழகு கிடக்கட்டும். குளம் எவ்வளவு ஆழம் மேடம்?”

டூர் மேடம் டீயைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“ரெண்டாள் ஆழம்னு அங்க இருக்கற மேனேஜர் சொல்வார்.”

“ரெண்டாள்...” அந்தக் குரல் நிதானமாக அதைத் திருப்பிச் சொல்லியது. “ஒரு நிமிஷம்...”

மறுபடியும் ரிஸீவரைப் பொத்துகிற சத்தம்.

“குளத்துப் பக்கம் யாராவது கத்தினா... கெஸ்ட் ஹவுஸ் வரைக்கும் கேக்குமா?”

டூர் மேடம் ரிஸீவரை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

“கே... கேக்காது சார். ஏன் கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான். ஒரு நிமிஷம்... ஆங், ரயில் டிக்கெட். போறதுக்கு ரெண்டு போடுங்க.”

“திரும்பி வர்றதுக்கும் ரெண்டுதானே சார்?”

“இல்ல மேடம். ஒண்ணு போதும்.”

“சார்...?”

“திரும்பறது நான் மட்டும்தான்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

“உங்க... உங்க மனைவி கோல்ஃப் ஆடுவாங்களா சார்?”

“அவளுக்கு கோல்ஃப்னா என்னன்னே தெரியாது. வேடிக்கை பாக்க வர்றா. நானே போன மாசம்தான் குச்சியைத் தொட்டேன்.”

கை நடுங்கட்டும், கால் நடுங்கட்டும்... புதிதாக ஆட வருகிறவர்களிடம் ஒரு பாடத்தைச் சொல்லாமல் டூர் மேடம் போனை வைப்பதில்லை. அது அவள் கொள்கை. ஒரு தடவை ஒரு வாடிக்கையாளரின் காதோரம் ‘விர்ர்’ரென்று பந்து பறந்ததைக் கண்ணால் பார்த்தவள்.

“சார்... மைதானத்துல யாராவது ‘ஃபோர்!’னு கத்தினா, பந்து தப்பா உங்க பக்கம் வருதுன்னு அர்த்தம். திரும்பிப் பாக்கக் கூடாது. ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டு அப்படியே உக்காந்துடணும். ‘சரி’ன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

“‘ஃபோர்’னு கத்தினா தலையைப் பொத்திக்கிட்டு உக்காரணும். ‘சரி’ன்னு சொன்னாத்தான் எந்திரிக்கணும்.” பள்ளிக்கூடப் பையன் போல ஒப்பித்தார். “உங்க குரல் ஏன் மேடம் நடுங்குது? பயப்படாதீங்க... வலிக்காது.”

டொக்!

லைன் கட்.

*

“பல் டாக்டர்னா ‘வலிக்காது’ன்னுதான் சொல்வார். ‘வலிக்கும், ஓடிப்போ’ன்னா சொல்வார்?”

டெலிபோனில் அவள் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிரிக்காதீங்க! குளம் எவ்வளவு ஆழம்னு கேட்டார். கத்தினா கேக்குமான்னு கேட்டார். வர்றதுக்கு ஒரே டிக்கெட்! கூட்டிக் கழிச்சுப் பாருங்க.”

“கூட்டிக் கழிச்சா உனக்குத் தூக்கம் பத்தலைன்னு வருது. போன மாசம் பால்காரர் கத்தியோட வந்தார்னு மாடிக்கு ஓடினியே, ஞாபகம் இருக்கா?”

“அது பால் பாக்கெட் வெட்டற கத்தி...”

“அதேதான். வை போனை.”

வைத்தாள். வைத்த கை ரிஸீவரை விட்டு வரவில்லை.

மறுநாள் காலை, மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். நாற்பதைத் தொடாத வயது. களையான முகம். அழுது அழுது வீங்கிய கண்கள். இடது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டு.

“நீங்கதானே டூர் ஏற்பாடு பண்றவங்க?”

“ஆமா... உக்காருங்க. நீங்க?”

“பல் டாக்டரோட மனைவி.”

டூர் மேடம் இருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள்!

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. விழுந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“அக்கா... உங்களை அக்கான்னு கூப்பிடலாமில்ல? எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமில்ல. என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லத்தான் அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறார் அக்கா!”

“ஐயோ! நானும் அதையேதான்...” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “உங்க கை?”

“முந்தாநாள் முறுக்கினார். ‘டூருக்கு வரமாட்டேன்’னு சொன்னேன். அதுக்கு.”

“நான் இப்பவே கேன்சல் பண்ணிடறேன்மா! இடமே இல்லைன்னு சொல்லிடறேன்.”

“வேணாம் அக்கா!” பெண் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். “இதை நிறுத்தினா வேற எங்கயாவது கூட்டிட்டுப் போவார். அங்க எனக்கு யார் இருக்கா? இங்கயாவது உங்களுக்குத் தெரியும்...”

டூர் மேடத்தின் கண் கலங்கிவிட்டது. பயந்த சுபாவக்காரர்களுக்கு அடுத்தவர் பயம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

“நான் கூட வர்றேன்மா. புதுசா ஆடறவங்க போனா முதல் தடவை நானும் துணைக்குப் போறது வழக்கம்தான். அவர் சந்தேகப்பட மாட்டார்.”

“நிஜமாவா அக்கா? தெய்வம் மாதிரி சொன்னீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொண்ணு... முன்கூட்டியே போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வச்சா நல்லதில்லையா? நான் ஸ்டேஷனுக்குப் போனா அவருக்குத் தெரிஞ்சுடும். நீங்க போனா...”

“போறேன். இன்னிக்கே போறேன்.”

போனாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மீசையைத் தடவினார்.

“ஏம்மா, குளம் ஆழமான்னு கேட்டா கொலைகாரனா? எங்க வீட்ல கிணறு வெட்டும்போது நானும்தான் கேட்டேன்.”

“சார், விளையாடாதீங்க! அந்தப் பொண்ணு உயிர் போயிடும்!”

“உயிர் போகாம யார்மேல கேஸ் போடறது? சரி, சொன்னதை எழுதி வச்சுக்கறேன். ‘பல் டாக்டர் தன் மனைவியைக் கொல்லப் போகிறார்’. போதுமா? ஏதாவது ஆச்சுன்னா பாத்துக்கலாம். கிளம்புங்க.”

ஏதாவது ஆனால்!

அந்த ஒரு வார்த்தை டூர் மேடத்தோடு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

*

ஊர் சொன்னபடியே இருந்தது. ஈ, காக்கா இல்லை.

ஓடு போட்ட கெஸ்ட் ஹவுஸ். வாசலில் இரண்டு சாய்வு நாற்காலிகள். எதிரே புல்வெளி சரிந்து சரிந்து போய், தூரத்தில் ஒரு தோப்பில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரே ஒரு மனுஷன்தான் எல்லா வேலையும். மேனேஜர், சமையல், புல் வெட்டுவது எல்லாம் அவரே. தலையில் எப்போதும் ஒரு பழைய தொப்பி.

பல் டாக்டரை டூர் மேடம் ரயிலிலேயே நன்றாகப் பார்த்துக்கொண்டாள். குட்டையான, வழுக்கைத் தலை ஆள். சாதுவான சிரிப்பு. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முறைத்துக்கொண்டு வந்திருந்தால்கூடத் தேவலை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் கோல்ஃப் பையைத் திறந்து குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“இதுல எது மேடம் கனமானது?”

“எ... எதுக்கு சார்?”

“ஒரே அடில போகணும். ரெண்டாவது தடவை அடிக்கற தெம்பு எனக்கில்ல.”

அவர் மனைவி தூணோரம் நின்று டூர் மேடத்தைப் பார்த்தாள். ‘கேட்டீர்களா?’ என்றது அந்தப் பார்வை.



பல் டாக்டர் ஒரு இரும்புக் குச்சியைத் தோளில் சாத்திக்கொண்டு முகம் கழுவப் போனார். மனைவி ஓடி வந்தாள்.

“அக்கா, ஏழாவது குழிக்குப் போகலாம்னு சொல்றார். குளத்துக்கிட்ட! எனக்குக் கை காலெல்லாம் உதறுது.”

“போகாதம்மா! தலைவலின்னு சொல்லு!”

“எத்தனை நாளைக்கு அக்கா தலைவலின்னு சொல்றது? இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சாத்தான் எனக்கு விடிவு. நீங்க முன்னாடியே போய்க் குளத்துக்குப் பின்னால தோப்புல மறைஞ்சு நில்லுங்க. என்ன நடந்தாலும் கண்ணால பாத்துக்குங்க. நாளைக்கு நீங்க சொல்றதுதான் சாட்சி.”

“நான் மேனேஜரையும் கூட்டிக்கிட்டு...”

“அவர் வாய் ஓட்டை. அவரைப் பாத்தா என் வீட்டுக்காரர் உஷாராயிடுவார். நீங்க மட்டும் போதும்.”

அவள் குரலில் இருந்த கெஞ்சலுக்கு டூர் மேடம் தலையாட்டிவிட்டாள். தலையாட்டிய பிறகுதான் தனியாகப் போக வேண்டும் என்பது உறைத்தது.

கொல்லையில் பேட்டரி வண்டி நின்றது. ரெண்டு பேர் உட்காரலாம். மேலே கூரை, பக்கத்தில் ஒன்றுமில்லை.

“இதை ஓட்டத் தெரியுமா மேடம்?” மேனேஜர் கேட்டார்.

“வண்டின்னாலே எனக்குப் பயம்.”

“இது வண்டியே இல்ல மேடம். அழுத்தினா போகும். விட்டா நிக்கும். சத்தமே போடாது. பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியாது. பொழுதோட போய்க் காத்து வாங்கிட்டு வாங்க.”

“மேனேஜர்... அந்தக் குளம் நிஜமாவே ரெண்டாள் ஆழமா?”

மேனேஜர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“அதுல என்ன சந்தேகம் மேடம்! ரெண்டாள்... ரெண்டரைகூட இருக்கும். யாரும் இறங்கக் கூடாது. பந்து விழுந்தா விழுந்ததுதான்.”

*

தோப்பின் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள் டூர் மேடம்.

சாயங்கால வெயில் குளத்தின் மேல் பளபளத்தது. தவளை ஒன்று ‘தொபக்’கென்று குதித்தது. அதற்கும் ஒரு தடவை பதறினாள்.

இருவரும் வந்தார்கள்.

பல் டாக்டர் முன்னால், குச்சியோடு. மனைவி பின்னால், தலையைக் குனிந்துகொண்டு. குளத்தின் விளிம்பில் நின்றார்கள். ஏதோ பேசினார்கள். என்னவென்று கேட்கவில்லை.

மனைவி அவருக்கு முன்னால் குனிந்தாள். தரையில் எதையோ தேடினாள்.

பல் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

குச்சியை இரண்டு கையாலும் பிடித்தார்...

மெதுவாக ஓங்கினார்...

ஓங்கிய குச்சிக்கு நேர் கீழே மனைவியின் தலை!

‘ஐயோ!’ என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள் டூர் மேடம். ஆனால் மைதானத்துக்கு ஆயிரம் பேரை அனுப்பி வைத்த வாய் அது. பழக்கம் முந்திக்கொண்டது.

“ஃபோ...ஓ...ஓர்!”

பல் டாக்டர் குச்சியைப் போட்டுவிட்டுத் தலையைப் பொத்திக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே!

ஆனால்...

அவர் மனைவியும் உட்கார்ந்தாள்!

கண் சிமிட்டும் நேரம்தான். முழங்கால் மடங்கி, தோள் குறுகி, இரண்டு கையும் பிடரியில் கோர்த்துக்கொண்டு... வருஷக்கணக்காகப் பந்துக்குத் தப்பித்துப் பழகியவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

டூர் மேடத்தின் வாய் திறந்தபடி நின்றது.

அந்தப் பாடத்தை இவள் பல் டாக்டருக்குத்தானே சொன்னாள்? கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவளுக்கு இது எப்படித் தெரியும்?

பெண் மெதுவாக எழுந்தாள். தோப்பைப் பார்த்தாள். அழுத முகம் அங்கே இல்லை.

“கத்தச் சொல்லலையே அக்கா... பாக்கத்தானே சொன்னேன்.”

அவள் இடது கையில் கட்டு இல்லை. கைகளைக் கோர்த்த வேகத்தில் கழன்று, கீழே புல்லில் சுருண்டு கிடந்தது. கையில் வீக்கம் இல்லை, காயம் இல்லை. முழங்கை வரைக்கும் வெயிலில் கறுத்த கை. மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. புறங்கையில் ஒரு சின்ன வட்டம் மாத்திரம் கறுப்பு.

அந்த வட்டத்தை டூர் மேடத்துக்கு நன்றாகவே தெரியும். கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்கு மட்டும்தான் உறை போடுவார்கள். அந்த உறையின் பின்பக்கம் காற்றுக்காக ஒரு ஓட்டை இருக்கும். வருஷக்கணக்கில் வெயிலில் ஆடினால் கை இப்படித்தான் ஆகும்.

“நீ... நீங்க கோல்ஃப் ஆடுவீங்க!”

“ஆறு வருஷமா. இந்த மனுஷன் நான் யோகா கிளாஸ் போறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.” கீழே கிடந்த இரும்புக் குச்சியை எடுத்தாள். பிடித்த பிடியிலேயே தெரிந்தது, கை தேர்ந்தவள் என்று. “நான் ஆடற கோல்ஃப் க்ளப்ல, ஆட்டம் சொல்லித்தர்ற கோச்சோட மனைவி நான். எல்லாரும் அப்படித்தான் நம்பறாங்க. இன்னியோட அது நிஜமாயிடும்.”

பல் டாக்டர் தலையைப் பொத்தியபடியே முனகினார்.

“யோகா... யோகா கிளாஸ் இல்லையா?”

“பேசாம உக்காருங்க!”

“ஏம்மா, இவர்தானே உன்னை அடிக்க ஓங்கினார்!” டூர் மேடம் கத்தினாள்.

“நான்தான் ஓங்கச் சொன்னேன். ‘பந்தை வைக்கறேன், நீங்க ஓங்கித் தயாரா நில்லுங்க’ன்னேன். நின்னார். நல்ல மனுஷன், சொன்னபடி கேப்பார். போன்ல உங்ககிட்ட கேட்ட கேள்விகூட நான் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லக் கேட்டதுதான்.”

ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம்... என்று ரிஸீவரைப் பொத்திய சத்தம் டூர் மேடத்தின் காதுக்குள் மறுபடி கேட்டது.

“பிடிக்கலைன்னா பிரிஞ்சு போயிருக்கலாமே!”

“பிரிஞ்சு போனா ஊர் என்னைப் பேசும். புருஷன் செத்தா ஊர் எனக்காக அழும்.” குச்சியை ஒரு தடவை காற்றில் வீசிப் பார்த்தாள். விர்ர்! “கொல்ல வந்தான், தற்காப்புக்கு அடிச்சேன், குளத்துல விழுந்துட்டான். கண்ணால பாத்த சாட்சி நீங்க.”

“நான் சொல்ல மாட்டேன்! நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்!”

“ஏற்கெனவே சொல்லிட்டீங்களே டூர் மேடம்!” பெண் சிரித்தாள். “ஸ்டேஷன்ல எழுதி வச்சிருக்காங்க. ‘பல் டாக்டர் தன் மனைவியைக் கொல்லப் போகிறார்’. இனிமே மாத்திச் சொன்னா யார் நம்புவா? அப்படியும் சொல்லுவேன்னு அடம் பிடிச்சீங்கன்னா... குளம் ரெண்டாள் ஆழம்னு நீங்கதானே சொன்னீங்க. சரியாப்போச்சு. ரெண்டு பேர்!”

டூர் மேடத்துக்கு அழுகை வந்தது. கத்தினால் கெஸ்ட் ஹவுஸுக்குக் கேட்காது. அதையும் சொன்னது இவளேதான்! வண்டியை விட்டு இறங்கி ஓடலாம். ஓடினால் அந்த ஆள் சாவார். ஓடாவிட்டால் இருவரும்.

“முதல்ல இவர்.”

பெண் திரும்பினாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புருஷனின் வழுக்கைத் தலைக்கு மேல் குச்சியை ஓங்கினாள்.

“மேடம்...” கண்ணை இறுக்க மூடியபடி பல் டாக்டர் அழுதார். “மேடம், இன்னும் ‘சரி’ சொல்லலையே...”

அந்தக் குரலைக் கேட்டதும் டூர் மேடத்தின் கால் அவளைக் கேட்காமலே அழுத்தியது.

முழு அழுத்து!

வண்டி சத்தமே போடவில்லை. தோப்பை விட்டு வெளியே வந்து, சரிவில் இறங்கி, வேகம் பிடித்து... டூர் மேடம் மட்டும்தான் சத்தம் போட்டாள். “ஆ...ஆ...ஆ!”

பெண் திரும்பிப் பார்த்தபோது வண்டி இடுப்பில் மோதியிருந்தது. 

தொபீர்!

குச்சி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். குளம் இரண்டையும் வாங்கிக்கொண்டது. வண்டி பல் டாக்டரை உரசிக்கொண்டு போய், முன்சக்கரம் இரண்டும் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் நின்றது. விட்டால் நிற்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“காப்பாத்துங்க! நீச்சல் தெரியாது! முழுகறேன்!” பெண் தண்ணீரை அடித்தாள், விழுங்கினாள், துப்பினாள். “அக்கா! அக்கா!”

இப்போது மறுபடியும் அக்கா!

டூர் மேடம் இறங்கப் பார்த்தாள். ரெண்டாள் ஆழம் என்பது ஞாபகம் வந்து நின்றுவிட்டாள். கொலைகாரிதான். ஆனாலும் கண்ணெதிரே ஒரு உயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

“யாராவது வாங்களேன்! மேனேஜர்! இந்தப் பொண்ணு சாகுது!”

“சாகாது மேடம்.”

கரையோர நாணல் புதருக்குள்ளிருந்து குரல். தொப்பி முதலில் வந்தது. பிறகு மேனேஜர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் வலை. தோளில் ஒரு கோணிப்பை.

“எந்திரிச்சு நில்லும்மா,” என்றார். “இடுப்பளவுதான்.”

பெண் கையடிப்பதை நிறுத்தினாள். கால் ஊன்றினாள். நின்றாள்.

தண்ணீர் இடுப்புக்குக்கூடச் சரியாக வரவில்லை!

“ரெண்டாள் ஆழம்னீங்க!” டூர் மேடம் அந்தக் கலவரத்திலும் கோபப்பட்டாள்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். “உண்மையைச் சொன்னா அவங்கவங்க பந்தை அவங்கவங்களே இறங்கி எடுத்துட்டுப் போயிடறாங்க மேடம். அதனாலதான் எல்லார்கிட்டயும் ரெண்டாள்னு சொல்லி வச்சிருக்கேன். சாயங்காலம் நான் இறங்கிப் பொறுக்குவேன். வித்தா கைச்செலவுக்கு ஆகும். இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தேன். இந்தம்மா பேச ஆரம்பிச்சதும், திருட்டுத்தனம் தெரிஞ்சுடுமேன்னு புதர்ல உக்காந்துட்டேன்.”

“எல்லாத்தையும் கேட்டீங்களா?”

“யோகா கிளாஸ்லேர்ந்து கேட்டேன். குச்சியை ஓங்கினப்ப ஓடி வரலாம்னுதான் எந்திரிச்சேன் மேடம். சேறு காலை விடல. அதுக்குள்ள நீங்க பறந்து வந்துட்டீங்க.”

பெண் கரையேறித் தப்பிக்கப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் காலடியில் பந்து உருண்டது. சறுக்கினாள். எழுந்தாள். மறுபடி பந்து, மறுபடி சறுக்கல். ஆறு வருஷமாக அடித்துப் பழகிய பந்துகள் இன்று அவளைப் போட்டு அடித்தன. மேனேஜர் அவசரப்படாமல் வலையை நீட்டி அவள் தலையில் கவிழ்த்தார்.

டூர் மேடம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

பல் டாக்டர் இன்னும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மேடம்... எந்திரிக்கலாமா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“சரி சார். எந்திரிங்க.”

*

அடுத்த ஊர் போலீஸ் ஜீப்பில் பெண்ணை ஏற்றினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கோச்சை அங்கே நகரத்தில் கோல்ஃப் க்ளப் வாசலிலேயே பிடித்துவிட்டதாக இன்ஸ்பெக்டர் டெலிபோனில் சொன்னார்.

“ஏம்மா, கொலை நடக்கப் போகுதுன்னு கரெக்டாத்தான் சொன்னீங்க. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டீங்க. அடுத்த தடவை வந்தா முதல்ல டீ குடுத்துட்டுக் கேக்கறேன்.”

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. “நீயா வண்டி ஓட்டினே?” என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

பல் டாக்டர் சாய்வு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“எனக்கு நீச்சல் தெரியாது மேடம். ‘ஆழம் கேட்டுக்குங்க, எனக்குப் பயமா இருக்கு’ன்னா அவ. பந்துல அடி படலைன்னா நான் கோபத்துல கத்துவேன். ‘யாருக்கும் கேக்காத இடமா பாருங்க, மானம் போகும்’னா. இங்கேருந்து நேரா யோகா முகாமுக்குப் போறேன்னா. அதனால ஒரு டிக்கெட். எல்லாம் என்மேல அக்கறைன்னு நினைச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எத்தனையோ பேர் வாயைத் திறந்து உள்ள வரைக்கும் பாத்திருக்கேன். பக்கத்துல இருந்தவ மனசு தெரியல பாருங்க.”

டூர் மேடம் இன்னொரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அவர் தோளைத் தட்டத் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள். தன் தொழிலில் தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னாள்.

“நீங்க நிம்மதியா இருக்க வந்தீங்க சார். அது நடக்கல. அடுத்த தடவை கோல்ஃப் வேணாம். அமைதியா உக்காந்து செஸ் ஆடற மாதிரி ஒரு டூர் போட்டுத் தரட்டுமா?”

பல் டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

“வேண்டவே வேண்டாம் மேடம்! அதுல ராஜாவைக் காலி பண்றதுதானே ஆட்டமே... அதுவும் பக்கத்துலயே ஒரு ராணி வேற!”